ஒரே சாலை, மூன்று நிர்வாகம்: வேளச்சேரி–தாம்பரம் சாலையில் கடை பிடிக்கும் முன்

வேளச்சேரியில் பஸ் ஏறி கிழக்குத் தாம்பரத்தில் இறங்குகிறவருக்கு எங்கே ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குகிறது என்றே தெரியாது. பள்ளிக்கரணை, மேடவாக்கம், சந்தோசபுரம், கௌரிவாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு என்று இரண்டு பக்கமும் கடைகள் இடைவெளி இல்லாமல் வரும். அதே சாலையில் கடை நடத்துகிறவருக்கோ எல்லை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். குப்பை வண்டி எந்தத் தெருவோடு திரும்பிப் போகிறது, சொத்துவரி ரசீதில் எந்த முத்திரை இருக்கிறது, சாக்கடை அடைத்தால் யாருக்குப் போன் செய்வது என்பதெல்லாம் அந்தக் கோட்டைத் தாண்டியதும் மாறிவிடும்.

பள்ளிக்கரணை முன்பு பேரூராட்சி. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகளோடு சேர்த்து அதையும் இழுத்துக்கொண்டார்கள். இப்போது அது 14-ஆவது மண்டலம், பெருங்குடி. அதைத் தாண்டியதும் மேடவாக்கம். பாலம் உண்டு, நகைக்கடை உண்டு, அடுக்குமாடிகள் உண்டு, மெட்ரோ ரயில் பாதையும் வருகிறது. ஆனாலும் அது கிராம ஊராட்சிதான், புனித தோமையார்மலை ஒன்றியத்தில், செங்கல்பட்டு மாவட்டத்தில். அடுத்த வேங்கைவாசலும் அப்படியே. கௌரிவாக்கம் வந்ததும் தாம்பரம் மாநகராட்சி. செம்பாக்கம் நகராட்சியாக இருந்த பகுதி அது. 2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் ஒன்றாக்கித் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கியபோது உள்ளே போனது. ஆக, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் சென்னை மேயர், ஊராட்சித் தலைவர்கள், தாம்பரம் மேயர் என்று மூன்று விதமான அதிகாரம். போதாக்குறைக்கு, பள்ளிக்கரணையில் குப்பை சென்னை மாநகராட்சியுடையது, காவல் நிலையம் தாம்பரம் ஆணையரகத்துடையது.

புரோக்கர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். "மெயின் ரோடு சார், எல்லாம் ஒண்ணுதான்" என்பார். வாடகையை மட்டும் ஒப்பிட்டால் ஊராட்சிப் பக்கம் மலிவாகத் தெரியும். அந்த மலிவு எந்தக் கணக்கில் திரும்ப வாங்கப்படுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கடை உரிமையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது பத்திர நகல் அல்ல, கடைசியாகக் கட்டிய சொத்துவரி ரசீது. அதில் மூன்று விஷயம் பார்க்கணும். மேலே எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறது. கட்டடம் குடியிருப்பு என்று பதிவாகியிருக்கிறதா, வணிகம் என்றா. எத்தனை சதுர அடிக்கு வரி போட்டிருக்கிறார்கள். நீங்கள் எடுக்கப்போகும் கடை 600 சதுர அடி, மொத்தக் கட்டடம் 2,400 சதுர அடி, ரசீதில் இருப்பது 1,000 சதுர அடி குடியிருப்பு என்றால், மீதியெல்லாம் வரிக் கணக்குக்கு வராமல் நிற்கிறது என்று பொருள். டிரேடு லைசென்ஸுக்கு நீங்கள் விண்ணப்பம் போடும் நாளில்தான் அது வெளியே வரும். அதிகாரி வந்து அளப்பார், வணிகக் கட்டட வரி போடுவார், உரிமையாளர் உங்கள் மேல் பாய்வார். நீங்கள் கடைக்குள் இரண்டு மூன்று லட்சத்துக்கு மர வேலை முடித்திருப்பீர்கள். அதனால் இந்தப் பேச்சு அட்வான்ஸுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

அதே கையோடு மின் இணைப்பு எண்ணை வாங்கி, பில் எந்தக் கட்டணப் பிரிவில் வருகிறது என்று பாருங்கள். வீட்டு இணைப்பில் கடை ஓட்டினால் பிடிபடும் அன்று பழைய வித்தியாசத்தோடு சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். நுகர்வோர் பெயர் உரிமையாளருடையதாக இருந்தாலும் காசு உங்களுடையதுதான். புதிய கட்டடம் என்றால் பணி நிறைவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். அது தேவைப்படும் கட்டடத்துக்கு அது இல்லாமல் வணிக மின் இணைப்பு வராது. கட்டடம் முடிந்து, ஷட்டர் போட்டு, 'டு-லெட்' பலகையோடு மாதக்கணக்கில் இருட்டாக நிற்கும் கடைகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

நிலத்தின் சர்வே எண்ணை வைத்து சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தளத்தில் நிலப் பயன்பாடு என்னவென்று பார்ப்பது பத்து நிமிட வேலை. பள்ளிக்கரணை, மேடவாக்கம் பக்கம் கூடுதலாக ஒன்று: சதுப்புநிலம். அது 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், அந்த எல்லைக்குள்ளும் அதிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவிலும் ஆய்வு முடியும்வரை கட்டுமான அனுமதி தர வேண்டாம் என்றது. "அடுத்த மாதம் மேல் மாடி கட்டிக் கொடுத்துவிடுகிறேன், அங்கே குடோன் வைத்துக்கொள்ளுங்கள்" என்ற வாக்குறுதியை நம்பும் முன் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள்.

ஊராட்சியில் லைசென்ஸே தேவையில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. அது பாதி உண்மைகூட இல்லை. ஊராட்சிகள் சட்டத்திலேயே அபாயமான, தொல்லை தரக்கூடிய தொழில்களுக்கு உரிமம் வேண்டும். மோட்டார் வைத்து இயந்திரம் ஓட்டவும் அனுமதி வேண்டும். மாவு மில், மரக்கடை, ஒர்க்ஷாப் வைக்கிறவர்கள் இதை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் கொடுத்ததும் ஓடுவார்கள். ஊராட்சி வரிகளை இப்போது இணையத்திலேயே கட்டலாம். கட்டி ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் காசு வாங்கிக்கொண்டு "ரசீது அப்புறம் தரேன்" என்று சொல்லும் பழக்கத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

மாநகராட்சிப் பக்கம் வரிக்கு ஒரு நாட்காட்டி உண்டு. அரையாண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும். முதல் 30 நாளில் சொத்துவரி கட்டினால் 5 சதவீதம் சலுகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி. ஆண்டுக்கு 6 சதவீத உயர்வும் இப்போது வழக்கமாகிவிட்டது. தொழில்வரியும் அரையாண்டுக்குத்தான். சென்னையில் ஆறு மாத வருமானம் 21,000 ரூபாய் வரை ஒன்றும் இல்லை. 30,000 வரை 180, 45,000 வரை 425, 60,000 வரை 930, 75,000 வரை 1,025, அதற்கு மேல் 1,250. எட்டுப் பேர் வேலை செய்யும் கடையில் இதைச் சம்பளத்தில் பிடித்துக் கட்டுவது முதலாளியின் பொறுப்பு. பிடிக்காமல் விட்டால் மூன்று நான்கு வருடம் கழித்து மொத்தமாகக் கேட்டு நோட்டீஸ் வரும். அதற்குள் அந்த ஆட்கள் வேறு கடைக்குப் போயிருப்பார்கள்.

கழிவுநீர்தான் உண்மையான வாடகை

ஹோட்டல், டீக்கடை, சலூன், பேக்கரி, கிளினிக் வைக்கிறவர்கள் இந்தப் பகுதியை மெதுவாகப் படிக்கவும். 2011-இல் சேர்ந்த பகுதிகளில் பாதாளச் சாக்கடை படிப்படியாக வந்தது, சில தெருக்களுக்கு இன்னும் வரவில்லை. ஊராட்சிப் பக்கம் பெரும்பாலும் செப்டிக் டேங்க்கும் லாரியும்தான்.

40 பேர் உட்காரும் டிபன் ஹோட்டல் ஒன்று நாளைக்கு 5,000 லிட்டர் தண்ணீர் செலவழிக்கிறது என்று வையுங்கள். மாவு கழுவியது, பாத்திரம் தேய்த்தது, கை கழுவியது எல்லாம் டேங்க்குக்குத்தான் போகும். 12,000 லிட்டர் டேங்க் என்றால் இரண்டரை நாளில் நிரம்பிவிடும். மண் கொஞ்சம் இழுக்கும் என்ற கணக்கு கோடையில் சரி. ஐப்பசி, கார்த்திகையில் இந்தத் தாழ்வான பகுதியில் நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும்போது டேங்க் வெளியே விடாது, உள்ளேதான் வாங்கும். 6,000 லிட்டர் லாரியில் மாதம் 25 லோடு. லோடுக்கு 1,200 ரூபாய் என்று போட்டால்கூட 30,000. எல்லைக்கு இந்தப் பக்கம் வாடகை 15,000 குறைவு என்று குதித்து வந்தவர் இங்கே இரண்டு மடங்காகக் கொடுக்கிறார்.

அப்போதுதான் 'வழி' சொல்கிறவர்கள் வருவார்கள். ராத்திரியில் ஒரு நாலு இன்ச் பைப்பை மழைநீர் வடிகாலில் சொருகிவிடலாம், பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். உள்ளூரில் செல்வாக்கு உள்ள ஒருவர் சொன்னார், அதிகாரியும் கண்டுகொள்ளவில்லை என்று நிறையப் பேர் செய்துவிடுகிறார்கள். இந்த ஏற்பாட்டின் ஆயுள், சொன்னவர் பதவியில் இருக்கும் நாள் வரைதான். அடுத்த பொறியாளரோ அடுத்த கவுன்சிலரோ வந்ததும், அல்லது மழைக்கு முன் வடிகால் தூர்வார ஆள் இறங்கியதும், பைப் வாயில் செங்கல் வைத்து சிமெண்ட் பூசிவிடுவார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு, இட்லி வேகும் நேரத்தில், பாத்திரம் கழுவும் இடத்தில் தண்ணீர் பின்னோக்கி ஏறும். அபராதம் தனி.

செய்ய வேண்டியது வேறு. சமையலறைத் தண்ணீர் டேங்க்குக்குப் போகும் முன் மூன்று அறை உள்ள கிரீஸ் டிராப் (எண்ணெயைப் பிரித்து நிறுத்தும் தொட்டி) கட்டுங்கள். முதல் அறையில் சல்லடைக் கூடை, அதைத் தினமும் ராத்திரி எடுத்துக் கொட்டணும். இரண்டாவது அறையில் மிதக்கும் எண்ணெயை இரண்டு நாளுக்கு ஒரு முறை வழிக்கணும். இதை விட்டால் எண்ணெய் டேங்க் சுவரில் படிந்து, கொஞ்ச நஞ்சம் இழுக்கும் மண்ணும் அடைத்துவிடும். லாரிக்காரரிடம் உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா என்று கேட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். சில இடங்களில் வெளியூர் லாரி உள்ளே வரக்கூடாது என்று ஓர் எழுதாத சட்டம் இருக்கும். எல்லையைத் தாண்டினால் பாதி விலை என்றாலும் அவர் வர மாட்டார். கடை எடுக்கும் முன்பே பக்கத்து ஹோட்டலில் ஒரு காபி குடித்துவிட்டு "லாரி யாரோடது, எவ்வளவு?" என்று கேட்டால் ஊர் அரசியலின் பாதி விளங்கிவிடும். டேங்க்குக்குள் ஆளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி அது குற்றம். உயிர் போனால் இழப்பீடு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது.

எதற்கு யாரிடம்

கவுன்சிலரைப் பிடித்தால் எல்லாம் நடக்கும் என்று நினைப்பது இந்தச் சாலையில் அதிகம் நேரம் வீணாகும் இடம். பிரதான சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. நடுவில் உள்ள இடைவெளியை அடைப்பதும் யூ-டர்னைத் தள்ளி வைப்பதும் போக்குவரத்துப் போலீஸ். மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் பக்கம் தடுப்பு வைத்திருப்பது மெட்ரோ. உட்தெரு, தெருவிளக்கு, குப்பை இவைதான் உள்ளாட்சி. பள்ளிக்கரணையும் மேடவாக்கமும் ஒரே சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதியில் இருப்பதால், இரண்டு உள்ளாட்சிகளுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் பிரச்சினைக்கு (மேட்டில் இருக்கும் ஊர்த் தண்ணீர் அடுத்த ஊர்த் தெருவில் வந்து நிற்பது போல) எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனு கொடுப்பதில் அர்த்தம் உண்டு. தெருவிளக்கு எரியவில்லை என்று அங்கே போவதில் இல்லை.

யூ-டர்ன் விஷயம் சின்னதாகத் தெரியும். எதிர்ப்பக்கம் வருகிறவர் ஒன்றரை கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும் என்றால், மருந்துக் கடைக்கும் பேக்கரிக்கும் பாதி வியாபாரம் எதிர்வரிசைக் கடைக்குப் போய்விடும். கடை பார்க்கப் போகும்போது மாலை ஆறிலிருந்து எட்டு மணிவரை நின்று, வண்டிகள் எந்தப் பக்கமிருந்து வீடு திரும்புகின்றன என்று பாருங்கள். வீடு திரும்பும் பக்கத்துக் கடைதான் மாலை வியாபாரத்துக்குச் சரி.

அடுத்தது கடை முன்னால் போடும் சரிவு. கடை மட்டம் சாலையைவிட இரண்டடி உயரம், நடுவில் வடிகால். எல்லோரும் செய்வது கான்கிரீட் கொட்டிச் சரிவு போடுவது. ஆக்கிரமிப்பு அகற்றும் நாளில் பொக்லைன் முதலில் பெயர்ப்பது அதைத்தான், கூடவே உங்கள் படிக்கட்டும் முன்தரை டைல்ஸும் போகும். அதற்குப் பதில் 6 எம்.எம். செக்கர் பிளேட்டில் (வழுக்காத புடைப்பு உள்ள இரும்புத் தகடு) மூன்றடி அகலத் துண்டுகளாக, ஆங்கிள் சட்டம் வைத்து, போல்ட் கழற்றி எடுக்கும்படி செய்யுங்கள். இரண்டு ஆள் தூக்கி உள்ளே வைக்கிற எடை. துப்புரவுப் பணியாளர் வடிகால் மூடியைத் திறக்கவும் வழி இருக்கும், அதனால் உங்கள் மேல் அவர்களுக்குக் கோபமும் இருக்காது. பெயர்ப்பலகையும் அப்படியே, உங்கள் கட்டடக் கோட்டுக்குள் நிற்கட்டும். முன் பக்கம் நெடுஞ்சாலை எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அகலப்படுத்தும் திட்டம் இருக்கிறதா என்பதையும் அதே மனுவில் கேட்டுவிடலாம்.

வரி உண்டு, ஓட்டு இல்லை

கடைக்காரரின் அடிப்படைச் சிக்கல் இது. மேடவாக்கத்தில் கடை, மடிப்பாக்கத்தில் வீடு. ஓட்டு மடிப்பாக்கத்தில். ஊராட்சித் தலைவரின் கணக்கில் நீங்கள் ஆளே இல்லை. கிராம சபையில் கை தூக்கும் உரிமை அந்த ஊர் வாக்காளருக்குத்தான்.

வழி இருக்கிறது. உங்கள் கட்டட உரிமையாளர் அங்கே வாக்காளர். உங்களிடம் வேலை செய்யும் நாலு பேரில் இரண்டு பேர் அங்கே வாக்காளர். பின்னால் இருக்கும் அடுக்குமாடிச் சங்கத்துக்கு 200 ஓட்டு இருக்கலாம். கடை வாசல் வடிகாலும் அவர்கள் போகும் பாதையும் ஒன்றுதான். 'எங்கள் கடைக்கு' என்று மனு எழுதாமல் 'இன்ன தெரு முனையில் மழைநீர் தேங்குவது' என்று எழுதி, அவர்கள் கையெழுத்தோடு கொடுங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பத்தாயிரம் பேருக்கு மேல் இருக்கும் ஊராட்சியில் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். மனுவைக் கூட்டத்தன்று நீட்டாமல் பத்து நாள் முன்பே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கூட்டத்தில் அது தீர்மானமாக எண்ணோடு பதிவானால், பிறகு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் அந்த எண்ணைச் சொல்லிப் பேசலாம். பதிவாகாத பேச்சு மைக்கோடு போய்விடும். மாநகராட்சிப் பக்கம் இதற்கு இணை பகுதி சபை, வார்டு கமிட்டி. கூட்டம் கிராம சபை அளவுக்கு வராது, அதனாலேயே நாலு கடைக்காரர்கள் சேர்ந்து போனால் குரல் கேட்கும்.

ஊராட்சியில் காசோலைக்குத் தலைவர், துணைத்தலைவர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் பல மர்மங்கள் விலகும். இருவரும் வேறு வேறு கோஷ்டி என்றால் பல்பு வாங்கின பில், மோட்டார் ரிப்பேர் பில், குப்பை வண்டி டீசல் எல்லாம் நின்றுவிடும். பணம் இருக்கும், கையெழுத்து இருக்காது. "தலைவர் நல்லவர்தான், ஆனா ஒண்ணும் நடக்கலை" என்று ஊரில் பேச்சு வந்தால் துணைத்தலைவரோடு எப்படி என்று விசாரியுங்கள். அந்த ஊரில் பெரிய முதலீடு செய்ய அது நல்ல வருடம் அல்ல.

பெண்களுக்கு 50 சதவீத இடம் இருக்கிறது. தலைவர் பெண்ணாக இருக்கும் சில இடங்களில் நாற்காலியில் கணவர் உட்கார்ந்து பேசுவார். அவரிடம் வணக்கம் சொல்வதில் தப்பில்லை. மனு மட்டும் தலைவர் பெயருக்கே எழுதி, தலைவர் கையாலேயே கையெழுத்து வாங்குங்கள். கணவர் வாயால் சொன்ன அனுமதிக்குச் சட்டத்தில் இடம் கிடையாது. தலைவர்களிலேயே பலர் நேரில் வந்து அளந்து பார்த்து வேலை முடிக்கிறார்கள், அவர்களைத் தாண்டிப் போய் வேறு யாரையோ பார்ப்பது அவமரியாதையும்கூட.

காலியான நாற்காலிகளின் காலம்

2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின் இந்தச் சாலை முழுவதிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. செங்கல்பட்டு உள்ளிட்ட 9 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. மற்ற 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலேயே முடிந்திருந்தது. மாநகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19. நடுவில் எல்லாம் அரசு நியமித்த தனி அலுவலர்கள். அவர்கள் காலத்தில் லைசென்ஸ், வரி போன்ற காகித வேலை தடையில்லாமல் நகரும். புதிய வடிகால், புதிய மார்க்கெட் கட்டடம் மாதிரி யாராவது நின்று கேட்க வேண்டிய வேலைகள் நகராது. கேட்கும் முறையும் மாறும். தலைவரிடம் நேரில் சொன்னது போதும் என்றிருந்தது போய், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்து எண் வாங்குவதுதான் வழி. ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. மாநகராட்சிகளுக்கு 2027 தொடக்கம். உங்கள் கடைக்குத் தேவையான வேலை எதுவோ அதைப் பதவிக்காலத்தின் மூன்றாம், நான்காம் வருடத்தில் கேட்பது நல்லது. முதல் வருடம் பழக்கத்தில் போகும், கடைசி வருடம் வாக்குறுதியில்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் நடத்தை விதி. டெண்டர் முடிந்து தொடங்கிய வேலை நடக்கும், புதியது நிற்கும். சாலையைத் தோண்டிப் போட்ட நிலையில் தேர்தல் வந்தால் ஜல்லி கொட்டியபடி கிடக்கும், தூசி உங்கள் கண்ணாடி ஷோகேஸில் படியும். மழைக்காலத்தில் சாலை வெட்டவும் அனுமதி கிடைக்காது. ஆகவே கழிவுநீர் இணைப்பு, தண்ணீர் இணைப்பு எல்லாவற்றையும் ஜனவரி முதல் ஆகஸ்ட்டுக்குள் முடிக்கப் பாருங்கள். நடத்தை விதி இருக்கும் நாட்களில் வசூல் பணம் எடுத்துப் போகிறவர்களுக்கு 50,000 ரூபாய்தான் வரம்பு. அதற்கு மேல் என்றால் அன்றைய பில் புத்தகம், வங்கிச் சீட்டு, ஜி.எஸ்.டி. பதிவு நகல் வண்டியில் இருக்கட்டும். பறக்கும் படை பிடித்தால் பணம் திரும்ப வரும். ஆனால் சந்தைக்குச் சரக்கு எடுக்கப் போன அன்று வராது.

கோடு நகரும்போது

உள்ளாட்சியின் வகை மாறினால் வியாபாரத்தின் தலையெழுத்தே மாறும் என்பதற்கு நெடுஞ்சாலை மதுக்கடை வழக்கு நல்ல உதாரணம். 500 மீட்டருக்குள் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 20,000 பேருக்கு உட்பட்ட உள்ளாட்சிகளில் 220 மீட்டர் என்று 2017 மார்ச்சில் தளர்த்தியது. நகராட்சி எல்லைக்குள் அந்த உத்தரவு பொருந்தாது என்று ஜூலையில் விளக்கியது. பார் வைத்த ஹோட்டல்கள் சில மாதம் பூட்டிக் கிடந்து, எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதால் பிழைத்தன அல்லது பிழைக்கவில்லை. பக்கத்திலேயே இன்னொன்று: பழைய மாமல்லபுரம் சாலையில் பெருங்குடி உட்பட நான்கு சுங்கச்சாவடிகளில் 2021 ஆகஸ்ட் 30-இல் வசூல் நின்றது. நாவலூரில் மட்டும் 2023 அக்டோபர் 19 வரை தொடர்ந்தது. அந்த இரண்டு வருடமும் நாவலூருக்குத் தெற்கே காரில் போய்ச் சாப்பிட வேண்டும் என்றால் சுங்கமும் சேர்த்துத்தான்.

மேடவாக்கம், வேங்கைவாசல் போன்ற ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்ப்பது பற்றிய பேச்சு அடிக்கடி எழும், அடங்கும். சேர்ந்தால் குடிநீர், சாக்கடை வரும் என்பார்கள் ஒரு தரப்பு. வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்பார்கள் மறு தரப்பு. இரண்டும் உண்மை. ஒரே நாளில் நடப்பதில்லை என்பதுதான் கடைக்காரருக்கு முக்கியம். வரி முதல் வருடமே மாறும், சாக்கடை வர பல வருடம் ஆகும். அந்த இடைவெளியைச் சுமப்பது யார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இப்படி ஒரு பத்தி போதும்: "இந்த இடம் வேறு உள்ளாட்சி அமைப்போடு இணைக்கப்பட்டாலோ, சொத்துவரி மறுமதிப்பீடு செய்யப்பட்டாலோ, கூடும் வரியில் பாதிக்கு மேல் வாடகைதாரர் பொறுப்பல்ல, இணைப்புக்கு முந்தைய காலத்து நிலுவை முழுவதும் உரிமையாளருடையது." பாதி என்பதை உங்கள் பேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கழிவுநீர் இணைப்பு வைப்புத்தொகையையும் சாலை வெட்டுக் கட்டணத்தையும் உரிமையாளர் தலையில் எழுதிவிடுங்கள், இணைப்பு அவர் சொத்தில் நிற்கப்போவது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதிந்து எண் வாங்கினால்தான் தகராறில் இந்தப் பத்திக்கு மதிப்பு.

நன்கொடை. இதைப் பேசாமல் முடிக்க முடியாது. கோயில் திருவிழா, பொங்கல் விளையாட்டு, தலைவர் பிறந்தநாள், மாநாடு என்று வருடத்துக்கு எத்தனை நோட்டு நீட்டப்படும் என்பதைப் பக்கத்துக் கடையில் கேட்டு, அதை ஒரு செலவுக் கணக்காக ஆரம்பத்திலேயே ஒதுக்குங்கள். ஊர்க் கோயிலுக்கும் விளையாட்டுக்கும் தொகையை நிர்ணயித்து, எல்லோருக்கும் ஒரே அளவு, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். கட்சிகளுக்கு முதல் வருடம் ஒருவருக்குக் கொடுத்தது அடுத்த வருடம் மூவருக்கு ஆகும். தெருவில் வணிகர் சங்கம் இருந்தால் "சங்கத்து வழியாத்தான் அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லி நகரலாம். சங்கச் சந்தா அதற்காகவே கட்டலாம். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், கடைப் பெயர்ப்பலகையில் கயிறு போட்டு யார் பேனரையும் கட்ட விடாதீர்கள். தேர்தல் முடிந்த மறுநாள் அந்தக் கயிற்றை அவிழ்க்க யாரும் வர மாட்டார்கள், ஏணி வைத்து நீங்கள்தான் ஏற வேண்டும். அதற்குள் எதிரணி வாடிக்கையாளர் நாலு பேர் அடுத்த கடையில் கணக்கு ஆரம்பித்திருப்பார்கள்.